ஒப்படைக்கப்படாத தளங்கள்

2013 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை பிற்பகல், குமாசி நகரின் அயிஜா பகுதியில், மழை தொடங்கி ஓய்வதற்குள் கொத்தனார் க்வாபெனா ஜெடுவின் ஒரு தள வீட்டின்மேல் இரண்டாவது தளம் தானாக எழுந்தது. நாற்பது நிமிடம் ஆனது. மூன்று அறைகள், ஒரு நடை, படிக்கட்டு. பூச்சு மட்டும் இல்லை. ஊரில் எல்லோரும் வீடு கட்டும்போது, பிள்ளைகள் தலையெடுத்தால் மேலே எடுத்துக் கட்டலாம் என்று தூண் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விடுவார்கள். ஜெடு மற்றவர்களைவிட இரண்டு முழம் அதிகமாக விட்டிருந்தார். அஸ்திவாரமோ ஒரு தளத்துக்குத்தான். அடுத்த ஜூனில் மூன்றாவது, அதற்கடுத்த ஜூனில் நான்காவது தளம் வந்தது. நகராட்சி ஆட்கள் சுவரில் சிவப்புச் சாயத்தால் ‘வேலையை நிறுத்து, அனுமதியைக் காட்டு’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். கம்பிகளை அறுத்துப் பார்த்தார்கள். மறுவாரம் மறுபடி நீண்டிருந்தன. தரைத்தளச் சுவர்களில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது.

அந்தத் தரைத்தளத்தில்தான் ஜெடுவின் மனைவி அத்வோவா போக்குவா படுத்திருந்தார். இருபத்தாறு வருடம் வீதியோரம் வாச்சே என்னும் பயறு கலந்த சோறு விற்றவர். இடது கால் விழுந்துவிட்டது. வேறு வீடு பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் ஒரே பதில்தான். “இதுல போட்ட சிமென்ட்டுல பாதி என் சோத்துப் பானையிலேருந்து வந்தது. விழட்டும். என் மேலயே விழட்டும்.”

2015இல் ஒரே மகள் அஃபியா பிராகோ பள்ளி முடித்துக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கினாள். அதில் படிப்புகளை எழுத நான்கு வரிகள். அம்மா நர்ஸிங் எழுதச் சொன்னார். மூன்று வருடம், அரசாங்கச் சம்பளம். பிராகோ வருடங்களைத் தளங்களாகவே எண்ணினாள். நர்ஸிங் என்றால் ஏழு தளம். பொறியியல் நான்கு வருடம், எட்டு தளம். கட்டடக்கலை ஆறு வருடம், பத்து. வீட்டைக் காக்க வழி கேட்டுக் கல்லூரியில் துறை துறையாக ஏறி இறங்கினாள். பொறியியல் துறையில் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “மூணாவது தளத்துலயே இது விழுந்திருக்கணுமே. விழலைன்னா நீ எண்ணுனது தப்பு. மறுபடி எண்ணிட்டு வாம்மா” என்றார். கட்டடக்கலைத் துறையில் வரைபடம் கேட்டார்கள். வரைபடம் எப்போதும் இருந்ததில்லை.

கட்டுமான மேலாண்மைத் துறையில் பெப்ரா என்ற விரிவுரையாளர் வெடிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“வேலை முடிஞ்சதுன்னு யாரு கையெழுத்து போட்டாங்க?”

“யாரும் போடலை சார்.”

“அப்போ அது வீடு இல்லை, இன்னும் வேலை நடக்கிற இடம். நடக்கத்தான் செய்யும். குறையெல்லாம் எழுதி, கையெழுத்து போட்டு, வீட்டுக்காரங்ககிட்ட தளம் தளமா ஒப்படைக்கணும். கட்டினவர் இருக்காரா?”

“இருக்கார். நெஞ்செல்லாம் சிமென்ட் தூசி. இருமிக்கிட்டே இருக்கார்.”

“சீக்கிரம் பண்ணு.”

ஜெடு மறுத்தார். கையெழுத்துப் போடுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. “கலவை தெரியாதவ கையில வீட்டைக் குடுக்க மாட்டேன். பெப்ரா வந்து வாங்கிக்கட்டும்.” பெப்ராவோ தன் வீடு அல்லாததை வாங்கிக்கொள்ள முறை இல்லை என்றார். ஆகவே தானே கற்று வாங்கிக்கொள்ள, பிராகோ முதல் வரியில் கட்டுமான மேலாண்மை என்று எழுதினாள். மற்ற மூன்று வரிகளையும் காலியாக விட்டாள். பள்ளி ஆசிரியை அதைப் பார்த்து, இடம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும் என்று எச்சரித்தார். ஒரு வருடம் என்றால் ஒரு தளம் என்று அவளுக்குத் தெரியும். வேறு எதற்கும் வீட்டில் நேரம் இல்லை.

இடம் கிடைத்தது. முதலாண்டில் ஐந்தாவது தளம் வந்தது. இரண்டாமாண்டில் ஆறாவது, மூன்றாமாண்டில் ஏழாவது. ஒவ்வொரு மழைக்கும் பிராகோ வகுப்பை விட்டு ஓடிவந்து அம்மாவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேர்ந்து விழலாம் என்பதைத் தவிர அதில் பயன் எதுவும் இல்லை. அப்பாவின் மூச்சு மூன்றாமாண்டில் கண்கூடாகவே சுருங்கியது. “ஜெடு மாடியைப் பயிர் பண்றாரு, நமக்கும் ஒரு நாத்து குடுக்கச் சொல்லு” என்று சிரித்த எதிர்வீட்டுக்காரர் அந்த வருடம் குடும்பத்தோடு காலி செய்துகொண்டு போனார்.

2019 மே 20, கடைசித் தேர்வுக்கு மறுநாள், ஜெடுவை நாற்காலியில் வைத்து இரண்டு கொத்தனார்கள் தூக்கினார்கள். பிராகோ ஒப்படைப்புத் தாள்களோடு முன்னே நடந்தாள்.

“இந்தச் சுவர் தூக்குக்குண்டுக்கு நிக்கலைப்பா.”

“குண்டை நேராப் பிடிடி. ஆடுறது உன் கை.”

“ரெண்டாவது தளத்துல பூச்சே இல்லை.”

“அதை நானா கட்டினேன்?”

“உங்க கம்பியில வந்ததுதானே.”

அவர் கொஞ்ச நேரம் இருமினார். “எழுதிக்கோ” என்றார். தரைத்தளத்தில் நாற்பத்தொரு குறைகள், இரண்டாவதில் அறுபது. ஒவ்வொன்றுக்கும் வாதாடினார்; ஒவ்வொரு தளத்திலும் கையெழுத்துப் போட்டார். போட்ட தளத்தின் வெடிப்புகள், ஆட்கள் படியேறுவதற்குள் மூடிக்கொண்டன. ஐந்தாம் தளத்துக் கையெழுத்து பேனா அழுத்தாமல் பாதி தெரிந்தது. ஆறாம் தளத்துக்கு ஒன்பது படி இருக்கும்போது தூக்கியவர்கள் நாற்காலி எடை குறைந்ததாக உணர்ந்து இறக்கி வைத்தார்கள். க்வாபெனா ஜெடு இறந்திருந்தார்.

ஜூன் மழையில் எட்டாவது தளம் வந்தது. பிராகோ கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை விட்டதும் வெளியே போய்ப் பார்த்தபோது, கையெழுத்தில்லாத தளங்கள் மூன்றும் ஐந்தாம் தளத்தை விட்டு ஓர் ஆள் உயரம் மேலே விலகி நின்றிருந்தன. இடையே காற்று போனது. கீழே எந்தப் பாரமும் இல்லை.

பிராகோவுக்கு இரண்டாம் வகுப்பில் பட்டம் கிடைத்தது. ஜூன்தோறும் ஒன்றாகக் கூடி, மேலே இருப்பவை இப்போது ஏழு தளங்கள். அவற்றுக்கு நகராட்சி வரி போடுவதில்லை. ஐந்தாம் தளத்து மொட்டை மாடியில் மழை விழாததால், கீழ்த் தளங்களில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் அங்கே துணி காயப்போடுகிறார்கள்.