ஹமீதின் கை

சூசைமாணிக்கத்துக்குச் சுமையைப் பார்த்து ஓட்டத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாகப் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வின்ச், அதாவது சுமை தூக்கும் இயந்திரம், ஓட்டுகிற ஒருவனைப் பற்றி இப்படிச் சொன்னால் அவன் அடிக்க வருவான். வரட்டும், உண்மை அதுதான். வின்ச் இருப்பது கப்பலின் மேல்தளத்தில். மூட்டை கிடப்பதோ கப்பலின் வயிற்றில் இருக்கிற கிடங்கின் அடியில். ஓட்டுகிறவன் கண்ணுக்கு அது தட்டுப்படாது. கிடங்கு வாயில் ஒரு சிக்னல்மேன் நின்று எட்டிப் பார்த்துக் கை காட்டுவான். ஆள்காட்டி விரல் மேலே சுழன்றால் தூக்கு. உள்ளங்கை கீழே தட்டினால் இறக்கு. கை பொத்தினால் நிறுத்து. ஏன், எதற்கு என்றெல்லாம் கேட்கக் கூடாது. சுமையை எட்டிப் பார்க்க ஆசைப்படுகிற வின்ச்காரன் ஒருநாள் யார் காலையாவது நசுக்குவான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

சூசை பார்த்த கை ஹமீதுடையது. ஹமீது மேலப்பாளையத்துக்காரன், தாராவியில் குடியிருந்தான். சூசை உவரிப் பக்கம், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு. ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்கமாட்டார்கள். இங்கே ஒரே கேங்கில் சேர்ந்ததிலிருந்து ஒருவன் கையானான், மற்றவன் கண்ணானான். இத்தனை வருஷத்தில் இவர்கள் வேலை பார்த்த கிடங்கில் ஓர் ஆளுக்கும் அடிபட்டதில்லை. என் முகத்தைவிட ஹமீது அண்ணன் கையைத்தான் இந்த மனுஷன் அதிகம் பார்த்திருக்கிறார் என்று சூசையின் பெண்டாட்டி ஏஞ்சலம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

எழுதி வைக்காத சட்டம் ஒன்றும் அங்கே இருந்தது. தொங்குகிற சுமைக்கு முதுகு காட்டக் கூடாது. கூலிக்காரனானாலும் சரி, சிக்னல்மேனானாலும் சரி, தலைக்கு மேலே ஒரு பொருள் தொங்கினால் முகம் அதன் பக்கம் இருக்க வேண்டும். முதுகு காட்டியவனை முகாதம், அதாவது கேங்கின் மேஸ்திரி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை.

எண்பத்தெட்டில் எல்லாம் மாறத் தொடங்கியது. சரக்கெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது. கன்டெய்னர் வந்த பிறகு மூட்டைக்கு என்ன வேலை, மூட்டை இல்லாத இடத்தில் வின்ச்சுக்கு என்ன வேலை? காலையில் வருகைப் பதிவு கொடுத்துவிட்டு, கப்பல் ஒதுக்கப்படாமல், கொட்டகையில் உட்கார்ந்து சீட்டாடிவிட்டுத் திரும்புகிற நாள்கள் கூடிக்கொண்டே போயின. சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் சூசைக்கு அது பொறுக்கவில்லை. நாற்பது வயதில் உடம்பு நன்றாக இருக்கும்போதே உட்கார வைத்துச் சோறு போடுவது அவனுக்கு அவமானமாக இருந்தது. கடலுக்கு அந்தக் கரையில், நவா சேவாவில், சதுப்பை மண் கொட்டி நிரப்பிப் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்தது. தெளிந்த நாளில் பார்த்தால் அங்கே நிற்கிற பெரிய கிரேன்களின் கழுத்து தெரியும். அதில் ஒன்றில் தான் உட்கார்ந்தே தீருவது என்று சூசை முடிவு செய்தான்.

பழைய துறைமுகத்து ஆள்களும் பரீட்சைக்கு வரலாம் என்று அறிவிப்பு வந்ததும் இருவரும் மனுப் போட்டார்கள். புதுக் கிரேனில் சிக்னல்மேனுக்கு இடமே கிடையாது. ஹமீதைப் பெட்டிகளைக் கம்பி போட்டுக் கட்டுகிற கேங்கில் எடுத்துக்கொண்டார்கள். வேலை வேலைதானே என்று அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். சூசைக்குக் கிரேனில் பழக்கம் கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு பயிற்சிக்காரர் உட்கார்ந்து போ, நில், இறக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

பரீட்சை அன்று தனியாக ஏறினான். அந்தக் கிரேனில் ஓட்டுகிறவன் உட்காருகிற அறை உயரத்தில் தண்டவாளத்தில் ஓடும். காலடியில் கண்ணாடி. இரண்டு முழங்காலுக்கும் நடுவே குனிந்து பார்த்துக்கொண்டே கரையில் நிற்கிற டிரெய்லரிலிருந்து பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைக்க வேண்டும், பிறகு கப்பலிலிருந்து எடுத்து டிரெய்லரில் வைக்க வேண்டும். முதல் பாதி முடிந்தது. இரண்டாம் பாதியில் கடல்காற்று பெட்டியைப் பிடித்து ஆட்டியது. கீழே டிரெய்லர் ஓரத்தில் நின்றிருந்த ஹமீதின் வலது கை தானாக உயர்ந்து பொத்திக்கொண்டது. அத்தனை உயரத்திலிருந்தும் அந்தக் கை சூசையின் கண்ணில் பட்டது. யோசிக்காமல் நிறுத்தினான்.

வின்ச்சில் அது சரி. இந்தக் கிரேனில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. அறை நின்றுவிட்டால் பெட்டி நிற்காது. வீசிய வேகத்தில் முன்னால் போகும், பின்னால் வரும், இன்னும் பெரிதாக ஆடும். ஆடுகிற பெட்டியைத் துரத்திக்கொண்டு போய் அதன் தலைக்கு மேலே நின்றால்தான் அது அடங்கும். சூசை நின்ற இடத்திலேயே நின்றான். பெட்டி டிரெய்லரின் விளிம்பில் இடித்து நசுங்கியது.

யாரைப் பார்த்து நிறுத்தினாய் என்று அதிகாரி கேட்டார். யாரையும் பார்க்கவில்லை என்று சூசை சொன்னான். தவறியவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, அதோடு சரி என்று அனுப்பிவிட்டார்கள்.

இருவரும் ஒரே லாஞ்ச் படகில் திரும்பினார்கள். பாவுச்சா தக்கா படகுத்துறையில் இறங்கி, டாக்யார்ட் ரோடு ஸ்டேஷன் வரை நடந்து, கிங்ஸ் சர்க்கிளில் ரயிலைவிட்டு இறங்கும்போதுதான் ஹமீது, “எங்கைதான் கெடுத்துச்சு” என்றான். சூசை பதில் சொல்லாமல் நடந்துவிட்டான். அது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவனுக்கே தெரியும்.

மறுநாள் லேபர் கேம்ப் சந்தில் ஒரு வேடிக்கை ஆரம்பமானது. சூசை மண்ணெண்ணெய் டின்னில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, நீளக் கயிற்றில் கட்டி, மூங்கில் கம்பு நுனியில் தொங்கவிட்டுத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். வேகமாக நடந்து சட்டென்று நிற்பான். டின் முன்னால் வீசும், தண்ணீர் சிந்தும். அது வீசும்போதே அதன் கூடவே ஓர் அடி எடுத்து வைத்தால் அடங்கிவிடும். அந்த ஓர் அடியை எப்போது வைப்பது என்பதுதான் படிப்பு. சீக்கிரம் வைத்தாலும் சிந்தும், தாமதித்தாலும் சிந்தும். முதலில் வெறும் டின்னோடுதான் வீடு திரும்பினான். குழாயடியில் வரிசையில் நின்ற பெண்கள், இங்கே ஒரு குடத்துக்கு அடிதடி நடக்கும்போது இந்த மனுஷன் ரோட்டைக் குளிப்பாட்டுகிறான் என்று ஏசினார்கள். திண்ணையில் உட்கார வேண்டிய வயதில் காவடி எடுக்கிறாரே என்று எதிர்வீட்டு ஜம்பு கேலி செய்தான். சூசை டின்னைத் தூக்கிக்கொண்டு போனான். மறுபடி நிரப்பினான். ஏஞ்சலம்மாள் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே சாக்கடைத் தண்ணீரை முகந்து ஊற்றிக் கொடுத்து, இதைச் சிந்தினால் உங்கள் மேலேதான் சிந்தும், பார்த்து நடங்கள் என்றாள். அதற்குப் பிறகு பாடம் வேகமாக ஏறியது.

டின் சிந்தாத அளவுக்கு வந்த பிறகும் அவனுக்குள் பயம் போகவில்லை. அடி எடுத்து வைக்கும் முன்பு கண் ஒருதரம் நிமிர்ந்து தேடியது. என்ன தேடுகிறது என்று அவனுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே தாராவிக்குப் போனான். ஹமீதின் பெண்டாட்டி சுலைகா டீ கொடுத்துவிட்டு உள்ளே போனதும் விஷயத்தைச் சொன்னான்.

“பரீட்ச அன்னைக்கி நீ வரப்படாது.”

“டியூட்டி அங்கனதான் போட்டிருக்கான். புது ஆளு நான். லீவு கேட்டா வெரட்டிருவான்” என்றான் ஹமீது. “கையக் காட்டமாட்டேன்லே. சத்தியமா.”

“ஒங்கை ஒம்பேச்சக் கேக்காது. எங்கண்ணு எம்பேச்சக் கேக்காது.”

ஹமீது தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷம் ஒருத்தரையும் சாகவிடாத கை அது. அதைப் பார்த்து வராதே என்று சொல்லிவிட்டோமே என்று சூசைக்கு உறுத்தியது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டால் கிரேன் போய்விடும். டீ ஆறிப்போன பிறகு ஹமீது, “சரி போ, பாத்துக்கிடலாம்” என்று மட்டும் சொன்னான்.

பரீட்சை நாள் காலையில் காற்று பலமாக இருந்தது. லாஞ்சில் அலை அடித்து எல்லார் சட்டையும் நனைந்தது. சூசை மாதாவை நினைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். அறைக்குள் உட்கார்ந்து குனிந்தபோது கரை முழுவதும் முழங்காலுக்கு நடுவே விரிந்து கிடந்தது. டிரெய்லர், மஞ்சள் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பி கட்டுகிற கேங். ஹமீதின் தலையில் கட்டியிருந்த பச்சைத் துண்டு தெரிந்தது.

கப்பலுக்குப் போகிற பெட்டி சண்டை இல்லாமல் போய் உட்கார்ந்தது. அதை மறுபடி தூக்கிக் கரைப் பக்கம் வரும்போது, போன தடவை போலவே, காற்று வந்து பிடித்தது. பெட்டி ஒருபக்கம் சாய்ந்து வீசத் தொடங்கியது. சூசையின் கண் கேட்காமல் கரைக்கு ஓடியது, பச்சைத் துண்டைத் தேடியது.

ஹமீது முதுகு காட்டி நின்றான்.

தொங்குகிற சுமைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலுக்கு எதிர்ப்புறம், மண்மேடுகளைப் பார்த்து நின்றான். கை இருக்கிற இடமே தெரியவில்லை. அந்தக் கேங்கின் முகாதம் பக்கத்தில் ஓடி வந்து திரும்பு திரும்பு என்று கத்துவது சத்தம் கேட்காமலே மேலிருந்து புரிந்தது. தோளைப் பிடித்து இழுத்தும் பார்த்தான். ஹமீது அசையவில்லை. புது வேலை போனாலும் போகட்டும் என்று நின்றான்.

பார்க்க ஒரு கை இல்லை. சூசைக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். குனிந்து பெட்டியைப் பார்த்தான். பெட்டியை மட்டும் பார்த்தான். அது வீசிப் போகட்டும் என்று விட்டு, உச்சிக்குப் போகிற நேரத்தில் அறையை ஓர் அடி தள்ளினான். சாக்கடைத் தண்ணீர் முகத்தில் தெறிக்காமல் தப்பிக்கிற அதே ஓர் அடி. பெட்டி அவன் காலுக்கு நேர் கீழே வந்து, ஒருதரம் சிணுங்கி, அடங்கியது. இறக்கினான். டிரெய்லரின் நான்கு மூலையிலும் அது சத்தத்தோடு உட்கார்ந்தது.

கீழே இறங்கியதும் அதிகாரி தாளில் எதையோ எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் வேலைக்கு வரச் சொன்னார். சூசை நேரே மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனான். அங்கே முகாதம் இன்னும் திட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு தரம் இப்படி நின்றால் கேங்கில் இடம் கிடையாது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனான். ஹமீது அப்போதும் திரும்பவில்லை.

“உக்காந்துச்சா?” என்று மண்மேட்டைப் பார்த்தே கேட்டான்.

“உக்காந்துட்டு. திரும்புலே.”

திரும்பினான். வலது கை நெஞ்சோடு ஒட்டிப் பொத்தியிருந்தது. மணிக்கட்டை இடது கை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடித்த இடம் சிவந்து கன்றிப்போய்க் கிடந்தது. சூசை அந்தக் கையைத் தன் கையில் வாங்கி, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“காத்து சத்தத்துல பெட்டி ஆடுதுன்னு தெரிஞ்சிது” என்றான் ஹமீது. “இது நில்லு, நில்லுன்னுதான் சொல்லிச்சு. நீ பாக்கலல்லா?”

“பாக்கல” என்றான் சூசை.