பலன் சொல்லாத கதை

பட்டுவின் வலக்கண்ணில் செய்த அறுவைச் சிகிச்சை பலிக்காமல் போய், இடக்கண்ணிலும் நிழலும் வெளிச்சமும் மட்டுமே எஞ்சிய பிறகு, ஹைதராபாத் சைனிக்புரி வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு புதிய வழக்கம் ஏற்பட்டது. வெங்கட்ரமணன் தொலைக்காட்சிக்கு மிக அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். பட்டு அவருக்கு இடப்புறம் அமர்வாள். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை அவர் தமிழாக்கிச் சொல்லச் சொல்ல, மனைவி கேட்பாள்.

படங்களிலும் தொடர்களிலும் அவருக்குப் பற்று இருந்ததில்லை. பாதுகாப்பு ஆய்வகத்தில் முப்பத்தைந்து ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். விடியலில் குளித்ததும் பதிகம் ஓதாமல் காபியைத் தொடமாட்டார். ஓர் அசை பிசகினாலும் முதற்பாட்டுக்குத் திரும்புபவர். அவளுக்காகவே திரைமுன் அமர்ந்தார். அமர்ந்து பார்த்த ஒவ்வொன்றும் அவரைக் கைவிட்டது. ஒரு தொடரில் தாலி கட்டும் காட்சி பதினொரு நாள் நீண்டது. புராணத் தொடரில் தேவர்கள் வழக்கறிஞர்களைப் போல வாதாடினார்கள். புதிய படங்களில் இரத்தம் ஆறாகப் பெருகியது. செத்தவனுக்காக அழ ஒருவரும் இல்லை. எதையும் பாதியில் அணைக்கும்போது, ஏமாந்தோம் என்ற எரிச்சலைக் காட்டிலும், பசியோடு வந்தவளை இலையிலிருந்து எழுப்புகிறோம் என்ற கூச்சமே அவரை அதிகம் வருத்தியது.

கடைசியில் ஒரு துருக்கித் தொடர் வாய்த்தது. காணாமற்போன மகனைத் தேடி ஊர் ஊராகப் போகும் தையற்காரி ஒருத்தியின் கதை. நிதானமாக நடந்தது. மழை பெய்தால் மழையைக் காட்டினார்கள். ரொட்டி சுட்டால் அது வேகும்வரை பொறுத்திருந்தார்கள். அவர்கள் மொழியில் தாயை ‘அன்னே’ என்று அழைப்பதை முதல் நாளே பிடித்துக்கொண்ட பட்டு, நம்ம அன்னைதான் அங்கே போய்க் குறுகிவிட்டாள் என்று சிரித்தாள். அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

அந்தத் தையற்காரியை அவள் ஏன் அப்படிப் பற்றிக்கொண்டாள் என்பது அவருக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன் மகன் கௌஷிக் தான் விரும்பிய பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது வெங்கட்ரமணன் போகவில்லை, பட்டுவையும் போகவிடவில்லை. மனைவியோடு கனடாவுக்குப் போன மகன், அதன்பின் இந்த வீட்டு அழைப்பு எதையும் எடுத்ததில்லை. மூன்று வாரத்துக்கு முன்புதான், தாயின் கண்ணைப் பற்றி யார் மூலமோ அறிந்து, தந்தையின் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பினான். ஜனவரியில் வருவதாகவும் ஆப்பரேஷனின்போது அம்மாவுடன் இருப்பதாகவும் அதில் எழுதியிருந்ததை வெங்கட்ரமணன் அவளுக்குப் படித்துக் காட்டினார். எஞ்சிய கண்ணும் போய்விடுமோ என்று ஓராண்டாக அறுவைக்கு மறுத்துவந்தவள் அந்த மாலையே இசைந்தாள். நாள் தள்ளுவது நல்லதல்ல என்று மருத்துவர் எச்சரித்தும், மகன் வரட்டும் என்று ஜனவரி இருபதைக் குறித்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் தொடரின் கடைசிப் பகுதி, நாற்பத்திரண்டாவது, ஒரு டிசம்பர்ப் பிற்பகலில் வந்தது.

பேருந்து நிலையம். தாய் மகனைக் கண்டுகொள்கிறாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்க்கிறான். எனக்கும் ஒரு தாய் இருந்தாள், அவள் எப்போதோ இறந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொள்கிறான். அவள் பின்னால் ஓடுகிறாள். திரை கறுத்துப் பெயர்கள் ஓடத் தொடங்கின.

வெங்கட்ரமணன் ஓதும் பதிகங்களில் கடைசிப் பாட்டு என்று ஒன்று உண்டு. பாடியவர் அதில் தம் பெயரையும் ஊரையும் வைத்து, இதைக் கேட்டவர்க்கு இன்ன நன்மை கைகூடும் என்று பலனையும் சொல்லியே விடைபெறுவார். பலன் சொல்லாமல் எழுந்து போகும் முறையை அவர் அறியார். நாற்பத்திரண்டு நாள் காதைக் கொடுத்துக் காத்திருந்தவளின் கையில் ஒரு பருக்கையும் இடாமல், கதை எழுதியவர்கள் போய்விட்டார்கள். அதை வெங்கட்ரமணன் இட்டார். வரிகள் ஓடிய அதே வேகத்தில், பதிகம் ஓதும் அதே திடமான குரலில், மகன் மூட்டையைக் கீழே போட்டுத் தாயின் காலில் விழுந்தான் என்றும், இருவரும் சேர்ந்து வீடு திரும்பினார்கள் என்றும் சொல்லித் தொலைக்காட்சியை அணைத்தார்.

பட்டு அணைந்த திரையின் பக்கம் கை நீட்டினாள்.

“பஸ் கிளம்பித்தே, அதுல யார் போனா?”

யாரோ பயணிகள் என்றார்.

“அவ அழுதுண்டே ஓடினா. செருப்புச் சத்தம் கேட்டுது. பிள்ளையோட ஆத்துக்குப் போறவ எதுக்குப் பஸ் பின்னாடி ஓடணும்?” அவள் தொடர்ந்தாள்: “அவன் ஒரு தடவைகூட அன்னேன்னு கூப்பிடலை.”

வெங்கட்ரமணன் நடந்ததை உள்ளபடி சொன்னார். தாம் மாற்றியதையும், மாற்றிய காரணத்தையும் சொன்னார். இத்தனை நாள் நம்பவைத்து இப்படி முடிக்க இவர்களுக்கு என்ன உரிமை என்று சினந்து தொடங்கிய பேச்சு, உன் மனம் நோகக் கூடாதென்றுதான் என்ற மன்றாட்டில் வந்து நின்றது. அவள் கோபித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

“கௌஷிக் எழுதினதையும் இப்படித்தான் படிச்சேளா?”

“இல்லை பட்டு. சத்தியமா வரேன்னுதான் எழுதியிருக்கான்.”

“இதையும் இதே குரல்லதான் சொன்னேள்.”

ஆப்பரேஷன் வேண்டாம், மருத்துவமனையில் சொல்லிவிடுங்கள் என்றாள். அவர் எத்தனை முறை சொல்லியும் அந்தச் சொற்கள் அவளிடம் போய்ச் சேரவில்லை. கைபேசியையே படிக்கவிடவும் வழியில்லை. ஹைதராபாத்தில் படித்து வளர்ந்த கௌஷிக் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவான். கைபேசியின் வாசிப்புக் குரலுக்கு அது பிடிபடாது. இறுதியில் பட்டுவே வழி சொன்னாள். நூர் பாயைக் கூப்பிடுங்கள், அவர் படிக்கட்டும்.

நூர் முகமது மூன்றாம் வீட்டுக்காரர். ஆம்பூரிலிருந்து வந்து அதே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்; உருது கலந்த தமிழில் பட்டுவை அண்ணி என்ற பொருளில் பாபி என்றே அழைப்பார். அவரை எதிர்பார்த்து நின்ற சில நிமிடங்களில் வெங்கட்ரமணன் அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தார். அதில் அவர் ஒரு சொல்லையும் சேர்த்ததில்லை. ஆனால் இறுதி வரிகளை விட்டுவிட்டிருந்தார். அவற்றை இப்போது நீக்க முடியுமா என்று அவர் விரல் ஒரு கணம் தேடியது. பிறகு தம்மீதே அருவருப்புற்றுக் கைபேசியை மேசைமேல் வைத்தார்.

தம்மை அழைத்த காரியத்தைக் கேட்டு நூர் முகமது சிரித்தார். “கைக்கு பாபி, ஏன், சார் படிச்சா செல்லாதா? ஆபீஸ்ல இவர் கையெழுத்தைப் பாத்தா டைரக்டரே மறுபடி படிக்க மாட்டாரு.”

யாரும் சிரிக்காததைக் கண்டு, கைபேசியை எடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தார்.

“‘அம்மா கண்ணைப் பத்திக் கேள்விப்பட்டேன். ஜனவரி பதினாறு வரேன். ஆப்பரேஷன் அப்ப அம்மாகூட இருப்பேன். அம்மாகிட்ட சொல்லுங்க.’” அவர் கண் இன்னும் கீழே இறங்கியது. “ஹவ் பாபி, ஆமா, வரேன்னுதான் போட்டிருக்கான்” என்று கைபேசியைத் திருப்பித் தரப்போனார்.

“இன்னும் இருக்கு, பாய். படிங்கோ.”

நூர் முகமது நண்பரைப் பார்த்தார். வெங்கட்ரமணன் தலையசைத்தார்.

“‘நான் வரது அம்மாவுக்காக மட்டும். உங்ககூடப் பேச எனக்கு ஒண்ணும் இல்லை. வீட்டுல தங்க மாட்டேன்.’”

தேநீர் வேண்டாமென்று நூர் முகமது உடனே விடைபெற்றுக்கொண்டார். வாயிற்கதவு சாத்தப்படும்வரை பட்டு காத்திருந்தாள்.

“உங்களுக்கு வலிக்கும்னு விட்டேளா, எனக்கு வலிக்கும்னு விட்டேளா?”

“தெரியலை” என்றார்.

அந்த விடையை அவள் மறுக்கவில்லை. புடவைத் தலைப்பை மடித்தபடி, ஆப்பரேஷனுக்கு ஜனவரிவரை காத்திருக்க வேண்டாம், அடுத்த வாரமே நாள் கேளுங்கள் என்றாள். அவர் திகைத்தார். மகன் பக்கத்தில் இல்லாமல் எப்படி, அவன் வந்தால்தானே செய்துகொள்வேன் என்றாய் என்று கேட்டார்.

“அவன் வந்து வாசல்ல நிக்கறச்சே அவன் மூஞ்சியை நான் பாக்கணும். உங்க மூஞ்சியையும் பாக்கணும். பக்கத்துல உக்காந்துண்டு யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம்.”

“பலிக்கலைன்னா?”

“அப்பறம் காலம் பூரா நீங்க சொல்றதைத்தானே கேக்கணும். முன்னாடியெல்லாம் கண்ணு போயிடுமேன்னு மட்டும்தான் பயந்தேன்.”

மணி ஐந்தேகால், ஆறு வரை மருத்துவமனையில் நாள் குறித்துத் தருவார்கள். வெங்கட்ரமணன் எண்ணைத் தேடி அழுத்திக் கைபேசியைக் காதில் வைத்தார்.

“ஸ்பீக்கர்ல போடுங்கோ.”

போட்டார். மணி அடிக்கும் ஓசை கூடமெங்கும் கேட்டது. ஒரு பெண் குரல் தெலுங்கில் வணக்கம் சொல்லி, நோயாளியின் பெயரைக் கேட்டது. அவர் வாய் திறக்குமுன் பட்டு குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பித் தன் பெயரைச் சொன்னாள்.