குஞ்சம்மாள் வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது

மேச்சேரிச் சந்தைக்கு ஆடு ஏற்றி வரும் வண்டிகளில் குஞ்சம்மாளின் பச்சைப் பிக்கப்புக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. குறுகலான பாதையில் எதிரே யார் வந்தாலும் அவர்கள்தான் பின்னால் போக வேண்டும். "அக்கா வண்டிக்கு ரிவர்ஸ் உழுகாதுப்பா, நீ எடு" என்று ரோட்டோரம் நிற்பவர்களே சொல்லிவிடுவார்கள். டிராக்டர்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே எடுப்பார்கள். ஒருமுறை டவுன் பஸ் ஒன்றே நாற்பது பேரோடு கால் கிலோமீட்டர் பின்னால் போனது. கண்டக்டர் இறங்கி விசிலடித்தபடி கூடவே நடந்தார். குஞ்சம்மாள் மெதுவாக முன்னேறி, கடக்கும்போது கையெடுத்துக் கும்பிட்டாள்.

வண்டி எழுபத்தொன்பதாம் வருடத்து மாடல். அவள் கணவர் கண்ணுசாமி மேட்டூர்ப் பக்கம் ஓர் ஏலத்தில் எடுத்தது. இருபத்தைந்து வருடம் அவர்தான் ஓட்டினார். ஆறு வருடத்துக்கு முன் அவருக்கு முதுகுத் தண்டில் தட்டு விலகியது. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டு வியாபாரத்தை விட மனசில்லாமல், நாற்பத்தேழு வயதில் குஞ்சம்மாள் லைசென்ஸ் எடுத்தாள். அவள் ஓட்ட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ரிவர்ஸ் போய்விட்டது என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை.

ரிவர்ஸ் இல்லாமல் ஓட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. எந்த ஊரில் கோயில் திடல் இருக்கிறது, எந்தப் பெட்ரோல் பங்கைச் சுற்றி வெளியே வரலாம், எந்தத் தோட்டத்துக் களத்தில் கடலைக்காய் காயாமல் இருக்கும் என்றெல்லாம் புறப்படும் முன்பே யோசிக்க வேண்டும். இடம் போதாத இடத்தில் கிளட்சைப் பாதி மிதித்து, பாதி விட்டு, அங்குலம் அங்குலமாக ஒடித்துத் திருப்புவாள். வரப்பில் ஒரு சக்கரம் ஏறும். உள்ளே ஆடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கத்தும். திரும்பி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போலப் போய்விடுவாள்.

போன தை மாதம் ஓமலூர் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி உறுமியதே தவிர நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கருகல் வாடைதான் வந்தது. பதினான்கு ஆடுகளையும் வேறு இரண்டு வண்டிகளில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு சென்னியப்பனின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தாள். மேச்சேரி ரோட்டில் புளிய மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. பழைய வண்டி என்றால் அந்தப் பக்கத்தில் அவனை விட்டால் ஆள் இல்லை.

சென்னியப்பன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"கிளட்ச் முடிஞ்சு போச்சுங்க்கா. கியர் பொட்டிய எறக்கித்தான் ஆகோணும். எறக்குனது எறக்குறோம், ரிவர்ஸையும் பாத்துர்லாம்."

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. அது இல்லாமயே பழகிருச்சு."

"பொட்டியத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒரு பல்லை மட்டும் பாக்காம மூடச் சொல்றீங்களா? நாளைக்கு எவனாச்சும் கேட்டா எம்பேரு என்னத்துக்கு ஆகும்?"

குஞ்சம்மாள் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. "அக்கா, ஒருக்கா வந்துட்டுப் போங்க. போன்ல பேசுற சமாச்சாரம் இல்லீங்க."

அவள் போனபோது கியர் பெட்டி மரப்பலகையின் மேல் திறந்து கிடந்தது. பக்கத்தில் டீசலில் கழுவிய பற்சக்கரங்களை வரிசையாக வைத்திருந்தான். முதலில் கிளட்ச் பிளேட்டை எடுத்துக் காட்டினான். மேலே ஒட்டியிருந்த லைனிங் முழுக்கத் தேய்ந்து, ஆணித்தலைகள் பளபளத்தன. அது உரசி உரசி, அதோடு ஒட்டிச் சுற்றும் பிளைவீல் சக்கரத்தில் வட்ட வட்டமாகப் பள்ளம் விழுந்து, இரும்பு நீலம் பாரித்திருந்தது. இரண்டாவது கியரின் பித்தளை வளையம் நகத்தால் சுரண்டினால் பெயர்ந்துவிடும் போலிருந்தது. பேரிங் ஒன்றைச் சுழற்றினான். அது வெற்றிலை உரல் மாதிரி சத்தம் போட்டது.

"இதெல்லாம் இந்த வயசுக்கு நியாயம்" என்றான். பிறகு சின்னதாக ஒரு பற்சக்கரத்தைத் துணியில் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "இதுதானுங்க ரிவர்ஸ் பல்லு. நல்லாப் பாருங்க."

ஒரு பல்லின் ஓரத்தில் மட்டும் அரிசி முனை அளவுக்கு உடைந்திருந்தது. மற்றபடி பற்கள் எல்லாம் கடையில் எடுத்துவந்தது போல நேராக நின்றன.

"கியரத் தள்ளுற போர்க்கு கீர்க்கு ஏதாச்சும் வளைஞ்சிருக்குமோ?" என்றாள் மெதுவாக.

"போர்க்கும் சரி, ராடும் சரி. எறக்கறதுக்கு முன்னாலயே லீவரப் போட்டுப் பாத்தேன். பழகுன மாடு கட்டுத்தறிக்குப் போற மாதிரி போயி உழுகுது. ஆறு வருசமா யாரும் தொடாத பல்லுங்க்கா இது."

குஞ்சம்மாள் அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லீராத தம்பி" என்று ஆரம்பித்தாள். டிரைவிங் ஸ்கூல் காரில் எப்படியோ பாஸாகிவிட்டாள். வீட்டு வண்டி வேறு. கியர் லீவரின் குண்டை அழுத்திப் பிடித்து, இடது பக்கம் தள்ளி, மேலே தூக்கினால்தான் அதில் ரிவர்ஸ் விழும். தனியாக ஓட்டிய முதல் வாரம் நங்கவள்ளியில் ஒரு சந்துக்குள் மாட்டிக்கொண்டாள். முன்னால் ஒரு லாரி, பின்னால் நாலைந்து பைக், எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள். எந்தப் பக்கம் ஒடித்தால் பின்பக்கம் எங்கே போகும் என்றே புரியவில்லை. ஒருவர் வந்து, "என்னாச்சுங்க?" என்று கேட்டார். "ரிவர்ஸ் உழுவ மாட்டேங்குதுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சொன்னதும் ஆறு பேரு வந்து வண்டியத் தள்ளி உட்டாங்க. ஒருத்தரு சோடா வாங்கிக் குடுத்தாரு. அப்புறம் ஊட்டுல எங்க ஊட்டுக்காரரு கேட்டப்பவும் அதையே சொல்லிட்டேன். சொன்னதச் சொன்னபடியே ஓட்டிட்டேன்."

சென்னியப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கிளட்ச் ஏன் கருகுச்சுன்னு இப்பத்தான் புரியுதுங்க" என்றான். யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று சத்தியமும் செய்தான்.

அந்த ரகசியம் நான்கு நாள்தான் தாங்கியது. வெள்ளிக்கிழமை கண்ணுசாமி இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். வர வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்காததால் குஞ்சம்மாளும் கூட வந்திருந்தாள்.

"சென்னியப்பா, அந்த ஒடஞ்ச ரிவர்ஸ் பல்ல எடுத்து வெச்சிருக்கியா? நான் அதப் பாக்கோணும்."

சென்னியப்பன் குஞ்சம்மாளைப் பார்த்தான். அவள் புளிய மரத்தைப் பார்த்தாள். அவன் உள்ளே போய், காயலான் இரும்பு கிடந்த டின்னைக் கிளறி, பல் பெயர்ந்த ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்து நீட்டினான். கண்ணுசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது டிராக்டரோடது. ஏப்பா, இருவத்தஞ்சு வருசம் ஓட்டுனவனுக்கு எம்பொட்டி தெரியாதா?"

"எதுக்குங்ணா அதப் போயிப் பாத்துக்கிட்டு? போனது போச்சு" என்றான் சென்னியப்பன்.

கண்ணுசாமி ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டார். "கடேசியா ஓட்டுன அன்னைக்கு எனக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. கிளட்ச முழுசா மிதிக்க முடியல. மிதிச்ச வரைக்கும் போதும்னு ரிவர்ஸப் போட்டேன். கரகரன்னு ஒரு சத்தம். அன்னைக்கு ஒடஞ்சதுதான் அது. நான் ஒடச்சுக் குடுத்த வண்டிய வெச்சுக்கிட்டு இவ ஊரு ஊராச் சுத்திச் சுத்தி வாரா. ஆறு வருசமா ஒவ்வொரு சந்தைக்கும் இவ கெளம்பறப்ப எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்கும். என்னத்த ஒடச்சேன்னு ஒரு தடவ கண்ணால பாத்துர்றேன், காட்டு."

இதை அவர் வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. குஞ்சம்மாள் பலகையருகே போய், அந்தச் சின்னப் பற்சக்கரத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஒண்ணும் ஒடைக்கலீங்க. இத்தன நாளும் அது நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் பின்னால எடுக்கத் தெரியாது. வெக்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன்."

கண்ணுசாமி விரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவினார். அந்த அரிசி முனை உடைசலில் விரல் நின்றது. சக்கரத்தைப் பலகையில் வைத்துவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர்க் கடையிலிருந்து டீ வந்தது. அவர் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்னொரு டம்ளர் ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது. குஞ்சம்மாள் கொட்டகை ஓரத்திலேயே நின்றாள். சென்னியப்பன் ஏற்கெனவே இறுக்கிய ஒரு போல்டை மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தான்.

டீ முடிந்ததும் கண்ணுசாமி தலையைத் திருப்பாமலே கேட்டார். "அப்ப எந்தம்பி ஊட்டுக் கலியாணத்துக்கு, சந்து குறுகல், வண்டி போனா வராதுன்னு நடந்தே போனமே?"

"அதும் அப்படித்தானுங்க."

"மழையில."

"மழையிலதானுங்க."

"பட்டு வேட்டி கட்டியிருந்தேன்."

"ஆமாங்க."

"அந்த டவுன் பஸ்ஸக் கால் கிலோமீட்டர் பின்னால அனுப்புனயே..."

கண்ணுசாமியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்து குஞ்சம்மாள் ஓடி வந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "ஐயோ, முதுகு... முதுகு புடிக்குது புள்ள" என்று பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் சென்னியப்பனுக்கும் அப்போதுதான் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பிளைவீலைச் சேலத்தில் ஒரு லேத்தில் கொடுத்துப் பள்ளம் போகத் தேய்த்து எடுத்தார்கள். கிளட்ச் பிளேட்டுக்குப் புது லைனிங் வைத்து ஆணி அடித்தார்கள். இரண்டாவது கியருக்கான பித்தளை வளையம்தான் லேசில் கிடைக்கவில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் ஒரே ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார்கள். பேரிங்கும் ஆயில் சீலும் புதிதாகப் போட்டான் சென்னியப்பன். பெட்டியை ஏற்றும் அன்று கண்ணுசாமி ஸ்டூலில் உட்கார்ந்து, "ஒரு நூலு மேல... இன்னும் ஒரு நூலு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் முறை தூக்கியதில் ஷாப்ட் பிளேட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

ரிவர்ஸ் பாடம் ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றிய ஏரியில் நடந்தது. கண்ணுசாமியால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. ஆகவே ஆடு நிற்கும் இடத்தில் சாக்குப்பையை மடித்துப் போட்டு, பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.

"எடது பக்கம் ஒடி!"

"உங்க எடதா, எனக்கு எடதா?"

அவர் யோசித்து முடிப்பதற்குள் வண்டி சீமைக்கருவேல மரத்துக்குள் நுழைந்துவிட்டது. முள் குத்திய கையை உதறிக்கொண்டே, "முள்ளுப்பக்கம், ஊருப்பக்கம்னு சொல்றேன்" என்றார். அது வேலை செய்தது. முதல் நாள் அவள் போட்ட கோடு பாம்பு போன வழி போல இருந்தது. மூன்றாம் நாள் இரண்டு கல்லுக்கு நடுவே நேராகக் கொண்டுபோய் நிறுத்தினாள். நான்காம் நாள் ஏரியை முழுக்கப் பின்னாலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். கண்ணுசாமிக்கு மயக்கமே வந்துவிட்டது.

அடுத்த சந்தைக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். ஆடு இறக்கும் மேட்டருகே குஞ்சம்மாள் வண்டியைத் திருப்பி, குண்டை அழுத்திப் பின்னால் எடுத்தாள். உடனே ஏழெட்டு வியாபாரிகள் ஓடிவந்து, வா வா என்றும் நிறுத்து நிறுத்து என்றும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவள் யாரையும் கேட்காமல் மூன்றாம் முயற்சியில் மேட்டோடு ஒட்டி நிறுத்தினாள். "கியர் சரியாயிருச்சாங்க்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"கியர் எப்பவும் சரியாத்தானுங்க இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல. இப்பக் கத்துக்கிட்டேன்" என்றாள்.

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். விளக்கிச் சொல்லலாம் என்று அவள் திரும்புவதற்குள் கண்ணுசாமியைக் காணோம். ஆறு வருடமாகச் சந்தையை மிதிக்காத மனிதர் கிடாக்கள் கட்டியிருந்த பக்கம் போய், ஒரு செவலைக் கிடாயின் பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்குள் விரலை விட்டு விலை பேசிக்கொண்டிருந்தார். குனிந்து நிற்கிறோம் என்ற நினைவே அவருக்கு இல்லை.

"ஏனுங்க, விக்க வந்தமா, வாங்க வந்தமா?" என்றாள் குஞ்சம்மாள்.

"நீ பேசாம இரு புள்ள. இந்த மாதிரிக் கிடாயப் பாத்து எத்தன வருசமாச்சு" என்றார் அவர், துண்டிலிருந்து கையை எடுக்காமலே.