சுக்கான் கை மாறும்போது

என் கணவருக்குச் சுக்கான் என்றால் அவர் ஓட்டும் பயணிகள் படகின் பின்னால் தண்ணீருக்குள் இருக்கும் பலகைதான். அது பெற்ற பிள்ளையின் வயிற்றுக்குள்ளும் இருக்கும் என்றால் எப்படி நம்புவார்?

விஷயம் இதுதான். தவழத் தொடங்கியிருந்த எங்கள் மகனுக்கு ஒரு பக்கத்து விதை மட்டும் கீழே விதைப்பைக்குள் இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிட்டது. விட்டுவைத்தால் பின்னாளில் கெடுதல், அறுவை செய்து இறக்கிவிடலாம் என்றார் மருத்துவர். மருத்துவப் பாடநூல்களை மொழிபெயர்த்துப் பிழைக்கிற நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கருவில் விதை இறங்க வழிகாட்டும் நாண் ஒன்று உண்டு, அதன் பெயர் குபர்னாகுலம், லத்தீனில் சுக்கான் என்று அர்த்தம் எனக் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான், மனிதருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"நான் சுக்கான் பிடிக்கிறவன். என் புள்ளைக்குப் போயி அதுவா சரியில்லாம போகணும்?"

"உங்க வேலைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? அது வெறும் பேருதான்."

அவரைத் தேற்ற அந்தப் பெயரின் கதையைச் சொன்னேன். கிரேக்க மாலுமிகள் சுக்கான் பிடிப்பதற்கு வைத்திருந்த சொல்லை லத்தீன்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். நாட்டை நடத்துவதும் அப்படித்தானே என்று ஆட்சிக்கும் அதையே சொன்னார்கள். நம் வாயில் புழங்கும் கவர்னரும் கவர்மென்டும் அந்த வழியில் வந்தவைதான். பழைய ரோம நாணயங்களில் அதிர்ஷ்ட தேவதை கையில் சுக்கானோடு நிற்பாள். பிற்பாடு உடலை அறுத்துப் பார்த்துப் படித்தவர்கள் இந்தத் துளி நாணுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

"அதிர்ஷ்டத்துக்கே சுக்கான் வேண்டியிருக்கா?" என்றார். கொஞ்சம் தெளிந்தது போலிருந்தது.

அறுவை அன்று காலை, பிள்ளைக்குத் தொளதொளத்த பச்சை அங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். அறுவை அறையின் கதவு வரைக்கும் அவர்தான் தூக்கி வந்தார். செவிலியர் கை நீட்டினார். எங்கள் துரை, அந்தம்மாவின் அடையாள அட்டையைப் பிடிக்கும் ஆசையில் இரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான். அப்பாக்காரர் விடவில்லை.

"குடுங்க சார், பயப்படாதீங்க."

விடவில்லை.

"சார், உள்ள டாக்டர் காத்துட்டிருக்காங்க."

பிள்ளையின் இடுப்பை இருவருமே பிடித்தபடி நின்றார்கள். எனக்கு மானம் போயிற்று. "விடுங்களேன், எல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. செவிலியரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகில் ஆள் மாறும்போது, வாங்குகிறவர் சுக்கானைத் திருப்பும் சக்கரத்தில் கை வைத்தால் மட்டும் போதாது. "நான் பிடிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது காதில் விழும்வரை பழைய கை விலகாது. விலகினால் நட்டாற்றில் படகு யார் கையிலும் இல்லாமல் போய்விடும். பாவம், மனிதர் அடம்பிடிக்கவில்லை, தன் தொழில் முறைப்படி காத்திருந்தார்.

"'நான் பிடிச்சிட்டேன்'னு சொல்லுங்க சிஸ்டர்" என்றேன். "சொன்னாத்தான் விடுவார்."

செவிலியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவில்லை, புண்ணியவதி.

"நான் பிடிச்சிட்டேன் சார்."

கை விலகியது. கதவு மூடிக்கொண்டது.

வெளியே நாற்காலியில் வெறுங்கையோடு உட்கார்ந்தார். விரல்கள் எதையோ பிடிக்கத் தேடுவதுபோல் மூடி மூடித் திறந்தன. ஆற்றில் வெள்ளம் புரளும்போதும் தடுமாறாத கை என்று அவருடைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர்மேல் அப்போது எனக்குப் பொங்கி வந்த பிரியத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஒருவழியாக மருத்துவர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். "இறக்கி வச்சாச்சு. நல்லாருக்கான். கண்ணு முழிச்சதும் பசிக்கு அழுவான், உள்ள வாங்க."

இவர் எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தால் பிள்ளையை யார் தூக்குவது என்று அடக்கிக்கொண்டேன்.