ரெட்டை பஸ்ஸுக்குக் காரணம் கிடையாது

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. பல் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு, நடுவில் துருத்தி மாதிரி மடிப்பு வைத்த ஒரு ரெட்டை பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கதை முன்வாசல் வழியாகத் தானே ஏறி வந்தது. அதற்கு ஆறு வயது. முதுகில் புத்தகப் பை, ஒரு கால் சாக்ஸ் கணுக்கால்வரை இறங்கியிருந்தது. ஏறியதும் ஓட்டுநரைப் பார்த்து, "அம்மா, அப்பா தொலைஞ்சு போயிட்டாரு" என்றது.

பஸ்ஸே சிரித்தது. பஞ்சு இருந்ததால் நான் சிரிக்கவில்லை. ஓட்டுநரும் சிரிக்கவில்லை. (அவள் ஏன் சிரிக்கவில்லை என்பதைப் பிறகு டெப்போ கேன்டீனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்தது பாதி, இட்டுக்கட்டியது பாதி. எது எந்தப் பாதி என்று என்னைக் குடையாதீர்கள்.)

2

இனி முறையாக ஆரம்பிக்கிறேன்.

"நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வந்து இறங்கிய அந்தத் தாயின் கண்களில் ஒரு இனம்புரியாத—"

வேண்டாம். அவள் கண்களில் இருந்தது நன்றாகவே இனம் புரிகிற எரிச்சல். இரண்டு நாள் ரயிலில் தூங்கவில்லை.

"சாமான் லாரி ஒரு நாள் தாமதமாக வந்தது."

இது தேவலை, நிஜமும்கூட. முதல் ராத்திரி நான்கு பேரும் ஒரே போர்வையை இழுபறி செய்தார்கள். புது வீட்டில் குழாய் எதிர்ப்பக்கம் திறந்தது. குளியலறை சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருந்தது. ஓட்டுநரின் கணவன் தையல்காரன். பால்கனிக் கம்பியில் 'துணி தைத்துத் தரப்படும்' என்று பலகை கட்டினான். முதல் வாரம் வந்தது ஒரே ஒரு ஜிப்பு, அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது.

இளையவன் குட்டிக்கு மூன்று வயது. தினமும் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான்.

"எப்ப வீட்டுக்குப் போறது?"

"இதாண்டா வீடு" என்பான் தையல்காரன்.

"இது இல்ல. இதுல என் செவுரு இல்ல."

பழைய வீட்டில் குட்டிக்கென்று கிறுக்க ஒரு சுவர் இருந்தது. மூன்றாம் நாள் ஓட்டுநர் கிரேயான் டப்பாவை எடுத்து, வெள்ளையடித்து ஒரு மாதம்கூட ஆகாத கூடத்துச் சுவர்முன் அவனை நிறுத்தினாள். "இந்தா, இது உன் செவுரு. ஆரம்பி." வீட்டுக்காரர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

3

என் கதைகளை முதலில் படிப்பவள் என் அக்கா. இதுவரை படித்துவிட்டு நேராகக் கேட்டாள்: "ரெண்டு பொடிசுகள இழுத்துக்கிட்டு நாட்டையே தாண்டி வந்திருக்கா. அதுக்கு ஒரு வலுவான காரணம் வேணாமாடா?"

சரியென்று காரணம் தேடினேன். முதலில் கணவனைக் கொன்றேன். அவன் பாட்டுக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான், பாவமாக இருந்தது, பிழைக்கவைத்துவிட்டேன். அடுத்து அவனைக் குடிகாரனாக்கினேன். ஒரு கோடு நேராகத் தைக்க வரவில்லை, அதையும் அடித்துவிட்டேன். கொடுமைக்கார மாமியார் ஒருத்தியைக் கொண்டுவந்து, அவள் வாயைத் திறப்பதற்குள் திருப்பி அனுப்பினேன்.

நிஜமான காரணம் இதுதான்: அவளுக்கு ரெட்டை பஸ் ஓட்ட வேண்டும்.

பழைய டெப்போவில் ஏழு வருஷம் கேட்டாள். "ரெட்டையா? முதல்ல வீட்ல இருக்கிற ரெட்டையச் சமாளிம்மா" என்று சிரித்தார்கள். நாடு முழுக்க எல்லா டெப்போவுக்கும் எழுதிப் போட்டாள். நாட்டின் மறுகோடியிலிருந்த ஒன்றுதான் சரியென்றது. நிபந்தனை: மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் தப்பு செய்ததாக ஒரு மெமோ வந்து நிலைத்துவிட்டால் பழைய டெப்போ, பழைய சின்ன பஸ்.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

அவ்வளவேதான். ஒரு ஆம்பிளை உத்தியோகம் உயர்ந்து ஊர் மாறினால் மாலை போட்டு ரயிலேற்றுகிறோம். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் மூட்டையோடு மூட்டையாகப் பின்னால் போகும்போது யாராவது 'வலுவான காரணம்' கேட்டிருக்கிறோமா? இவள் மட்டும் புருஷனைப் பறிகொடுத்தால்தான் நகரலாமாம். போங்கய்யா! அக்கா, கோபித்துக்கொள்ளாதே, இந்தக் கதையில் நான் யாரையும் சாகடிக்கப் போவதில்லை.

4

இப்போது தவறைச் சொல்ல வேண்டும். ஒரு பஸ் ஓட்டுநரின் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு.

பழைய ஊரில் மூத்தவளுக்கு, அவளை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள், நான்கு வயதிலேயே ஓட்டுநர் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள். "தொலைஞ்சு போயிட்டா அழாத, ஓடாத. பக்கத்து பஸ் ஸ்டாப்புக்குப் போ. மொத வர்ற பஸ்ல ஏறு. டிரைவர் மாமாகிட்ட, நான் டிரைவர் பொண்ணுன்னு சொல்லு." அங்கே அது பலித்தது. டெப்போ முழுக்க வாயாடியைத் தெரியும். சந்தையில் கை நழுவிப்போன ஒரு நாள், சமர்த்தாக பஸ் ஏறி டெப்போவில் வந்து இறங்கியவள்தான் அவள்.

ஊர் மாறியபோது எல்லாம் மாற்றினாள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, காஸ் இணைப்பு, குட்டி எட்டிப் பார்க்காமலிருக்க ஜன்னலுக்கு வலை. அந்தப் பாடத்தை மாற்ற மறந்துபோனாள். உப்பு டப்பாவை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று வீடெல்லாம் தேடியவளுக்கு, மகள் மண்டைக்குள் எதை வைத்தோம் என்று தேடத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம், புதன்கிழமை. பள்ளி விட்டபோது தையல்காரன் வாசலில் இல்லை. (பத்து நிமிடத் தாமதம்தான். வலது செருப்பை இடது காலில்தான் மாட்டுவேன் என்று குட்டி படியில் உட்கார்ந்துவிட்டான். குற்றவாளி யாரென்று கேட்கிறவர்கள் அவனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.) வாயாடி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். தான் நிற்கிற இடம் தனக்குத் தெரிகிறது, அப்பாவைத்தான் காணோம். ஆகவே தொலைந்தது அப்பா. பாடம் நினைவிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நழுவி, ஸ்டாப்புக்குப் போய், முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அந்த பஸ்ஸை ஓட்டியவரை டெப்போவில் மீசை என்பார்கள்.

"யார் பொண்ணு பாப்பா நீ?"

"டிரைவர் பொண்ணு."

"எந்த டிரைவர்?"

"எங்கம்மா. ரெட்டை பஸ்."

மீசைக்கு அவள் அம்மாவைத் தெரியாது. புதிதாக ஒரு பொம்பளை வந்திருப்பதாகக் காதில் விழுந்ததோடு சரி. வயர்லெஸ்ஸை எடுத்தார். ஓடிக்கொண்டிருந்த எல்லா வண்டியிலும் அவர் குரல் கேட்டது. "ஆறு வயசுப் பாப்பா ஒண்ணு தனியா ஏறியிருக்கு. ரெட்டை பஸ் டிரைவர் பொண்ணுங்குது. யாருதுங்க?"

5

ஓட்டுநர் அப்போது மேம்பாலத்தின் மேல் இருந்தாள், பின்னால் தொண்ணூறு பேர். வாய் திறந்தால் மெமோ என்று அவளுக்குத் தெரியும். அரை நொடி யோசித்தாளா என்று கேட்டேன். யோசித்தேன் என்றாள். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"என் பொண்ணுதாங்க."

டெப்போ மேனேஜர் வயர்லெஸ்ஸில் குறுக்கே வந்தார். "அடுத்த ஸ்டாப்ல வண்டிய ஓரங்கட்டிட்டுப் போங்கம்மா. வேற ஆளை அனுப்புறேன்."

"வண்டிய விட மாட்டேன் சார். மீசை அண்ணா, சந்தை முனைக்கு எப்ப வருவீங்க?"

"பதினொரு நிமிஷம் ஆகும்."

"நானும் அங்கதான் வர்றேன். புள்ளைய இறக்கிவிடாதீங்கண்ணா, என் கையில குடுங்க."

அந்தப் பதினொரு நிமிடத்தில் அவளை அழவைக்க மூன்று தடவை முயன்றேன். "அவள் கன்னத்தில் ஒரு துளி—" "ஸ்டியரிங் மேல் ஒரு சொட்டு—" கேன்டீனில் அதைப் படித்துக் காட்டியபோது அவள் டம்ளரை வைத்துவிட்டு முறைத்தாள். "கண்ணு கலங்குனா கண்ணாடி தெரியாது. பின்னாடி வர்ற ஸ்கூட்டர்க்காரனுக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?" அழவில்லை. ஐந்து ஸ்டாப்பிலும் நிறுத்தி, கதவு திறந்து, ஆள் ஏற்றி, கதவு மூடினாள். ஒரு ஸ்டாப்பையும் விடவில்லை.

சந்தை முனையில் மீசை இறங்கி வந்து பிள்ளையைப் படியில் ஏற்றினார். மிச்சம் உங்களுக்குத் தெரியும். "அப்பாவ அப்புறம் தேடலாம். கம்பிய நல்லாப் புடிச்சுக்கோ" என்றாள் அம்மா. நான் எழுந்து இடம் கொடுத்தேன்.

6

மெமோ அன்று சாயங்காலமே வந்தது. அனுமதியின்றிக் குடும்பத்தாரைப் பணி வண்டியில் ஏற்றியது, சொந்த விஷயத்துக்கு வயர்லெஸ்ஸைப் பயன்படுத்தியது. நாளைக் காலைக்குள் எழுத்து மூலம் விளக்கம்.

மேனேஜரை வில்லனாக்க ஆசைதான். அவர் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, "எனக்கும் புள்ளைங்க இருக்கும்மா. சின்னதுங்க வளரட்டுமே. திரும்பிப் போறேன்னு நீங்களே எழுதிக் குடுங்க, மெமோவ இங்கயே கிழிச்சுடுறேன்" என்றார். நல்ல மனுஷன். இந்தக் கதையில் அவளுக்கு வந்த பெரிய ஆபத்தே அந்த நல்ல மனசுதான்.

வீட்டில் தையல்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "எல்லாம் என்னாலதான். போயிடலாமா?"

"உங்களுக்குப் போகணுமா?"

அவன் மெஷினைப் பார்த்தான். "நாலு பேன்ட் பாக்கி இருக்கு. வெள்ளிக்கிழமை தர்றேன்னு சொல்லிட்டேனே."

"அப்ப தைங்க."

விளக்கத் தாளை அவளுக்காகக் கதையில் நானே எழுதிப் பார்த்தேன். ஒன்று: பணிவான மன்னிப்பு. நன்றாக வந்தது, அவள் படிக்கவே இல்லை. இரண்டு: சமத்துவம் பற்றி ஒன்றரைப் பக்கம். "இது உங்க கோவம், என்னுது இல்ல" என்றாள். மூன்று: நடந்தது எல்லாவற்றுக்கும் குட்டியின் செருப்பே காரணம் என்று ஆரம்பித்து—

அவள் தானே எழுதினாள். நடந்ததை நடந்தபடி எட்டு வரி. தாளின் கடைசிக் கேள்வியை மட்டும் காலியாக விட்டாள்: 'இது மீண்டும் நிகழாமலிருக்க எடுத்த நடவடிக்கை?'

மறுநாள் அவளுக்குக் காலை டியூட்டி. ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட வரிசை நின்றது. ஓட்டுநர் உள்ளே வந்தாள். இந்தக் கையில் வாயாடி, அந்த இடுப்பில் குட்டி, பின்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு தையல்காரன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இப்படிப் பாருங்க. இது பெரிசு, இது சின்னது, இவரு இதுங்க அப்பா. இவங்கள்ல யாரு உங்க வண்டியில தனியா ஏறுனாலும் இறக்கிவிடாதீங்க. என்னைக் கூப்பிடுங்க. நான் ரெட்டை பஸ்ல இருப்பேன்."

"அக்கா, பெரிசு டிக்கெட் எடுக்குமா?" என்று ஒருவன் வம்பிழுத்தான்.

"டிரைவர் பொண்ணுக்கு டிக்கெட் கிடையாது" என்றாள் வாயாடி.

மீசைதான் முதலில் சிரித்தார். சிலர் சிரிக்கவில்லை. ஒருவர் "இதென்ன பஸ் டெப்போவா, பால்வாடியா?" என்று முணுமுணுத்தார். ஓட்டுநர் அவர் எதிரிலேயே போய் நின்று, குட்டியின் முகத்தை அவர் பக்கம் திருப்பி, "அண்ணே, நல்லாப் பாத்துக்கோங்க" என்றாள். ஷிப்டில் அன்று இருபத்தாறு பேர். ஒருவரையும் விடவில்லை. பிறகு தாளைச் சுவரில் வைத்து, நின்றபடியே கடைசி வரியை நிரப்பினாள்.

'காலை ஷிப்ட் ஓட்டுநர்கள் இருபத்தாறு பேருக்கும் என் பிள்ளைகளை நேரில் காட்டிவிட்டேன். மாலை ஷிப்டுக்கும் இன்றே காட்டுவேன்.'

7

தாள் மேனேஜர் மேசையில் இருக்கிறது. மெமோ நிலைத்ததா, கிழிந்ததா என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

அக்கா விடவில்லை. "அவ தங்குனாளா இல்லையாடா? அதச் சொல்லு மொதல்ல." நான் முடிவு எழுதினால், அவள் தங்கியதற்கு ஒரு நல்ல மனுஷனின் கையெழுத்துதான் காரணம் என்று ஆகிவிடும். அந்தப் பெருமையை யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே மேனேஜர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பேனா அங்கேயே கிடக்கிறது. அவளிடம் இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டும். அவளுக்கு ஆறே முக்கால் வண்டி, எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.