ஒரு மணியில் நின்ற முன்குறி

சனிக்கிழமைத் துப்பாக்கி சுடும் பந்தயத்துக்கு மூன்று நாள் இருந்தது. ரோவீனாவின் பழைய ரிவால்வரின் குழலில், மோதிரம் மாட்டியதுபோல் ஒரு வீக்கம். அது தம்பி லைல் செய்த வேலை. வீட்டில் அவனே அடைத்த தோட்டாக்களில் ஒன்றுக்கு வெடிமருந்து போட மறந்திருந்தான். குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. வழக்கமான சத்தம் வராததற்குச் சிரித்துவிட்டு, அதன் முதுகிலேயே அடுத்ததைச் சுட்டான்.

பந்தயத்தில் 1940க்கு முந்தைய துப்பாக்கிதான் செல்லும். மூன்று வருடமாக ஜெயிப்பவன் லைல். இந்த வருடம் அவனைத் தோற்கடிப்பேன் என்று கிளப்பில் எல்லோர் முன்னாலும் அவள் சொல்லியிருந்தாள்.

"பில்லிங்ஸ் டவுன்ல துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஒரு ஆள் இருக்கான். அனுப்பிரு," என்றான் லைல்.

"நாலு மாசம் இழுப்பான். அதுவரைக்கும் நீ ஜெயிச்சுக்கிட்டே இரு."

துப்பாக்கிச் சந்தையில் அதே மாடலில், தோட்டா உருளை துருவேறி இறுகிய ஒன்றை வாங்கிவந்தாள். குழல் மட்டும் நன்றாக இருந்தது. கழற்றித் தன்னுடையதில் திருகினாள். மரை பொருந்தியது. ஆனால் குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் முன்குறி உச்சிக்கு வரவில்லை. ஒரு மணி காட்டும் முள்போல வலப்பக்கம் சாய்ந்து நின்றது.

"துப்பாக்கிச் சட்டத்துக்குள்ள சுத்தியல் பிடிய விட்டு ஒரு திருகு திருகு அக்கா. வந்துரும்."

"சட்டமும் சேர்ந்து வளையும். உன்னோடத எடுத்துட்டு வா, அதுல செஞ்சு காட்டு."

அவன் காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

சட்டத்தை மரக்கட்டைகளுக்கு நடுவே வைஸில் இறுக்கினாள். சட்டத்தில் முட்டி நிற்கும் குழலின் தோளை அரத்தால் ஒரு சீவு, திருகிப் பார், கழற்று, மறுபடி ஒரு சீவு. பதினான்கு முறை. முன்குறி நிமிர நிமிர, குழலின் பின்முனை உள்ளே வந்து உருளையில் உரசியது. அதையும் சீவினாள். வெள்ளி மதியம் உருளை தடையில்லாமல் சுழன்றது.

சுடும் திடலில் ஆறு குண்டும் மூன்று அங்குலம் இடப்பக்கம் விழுந்தன.

"இன்னும் ஒரு சீவு," என்றான் லைல். "முன்குறி நேரா நிக்கும்."

"கூடிப் போச்சுன்னா அந்தப் பக்கம் சாயும். திரும்ப ஒட்டவா முடியும்?"

"அப்ப கோணலாவே சுடப் போறியா?"

"கோணல் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். அது போதும்."

மறுபடி ஆறு போட்டு, மூன்று அங்குலம் வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தாள். ஐந்து கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. லைல் தன் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தான். பந்தயத்துக்கு முந்தைய நாள் சுட்டுப் பழகும் வழக்கம் அவனுக்குக் கிடையாது.