எங்கள் மாடியில் குடியிருக்கும் சம்மனசு

எங்கள் வீட்டு மாடியில் ஒரு சம்மனசு குடியிருக்கிறார். வானத்திலிருந்து தள்ளிவிடப்பட்ட தேவதூதர். பொய் சொன்னதற்காகத் தள்ளினார்களாம். இதை அவரேதான் சொன்னார். எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

மற்றபடி தொந்தரவு இல்லை. காலையில் சிறகுகளை அலசிக் கொடியில் காயப்போடுவார். சொட்டுகிற தண்ணீர் கறுப்பாக இருக்கும். என் மனைவி பிலோமி கீழே ஒரு வாளி வைத்துவிடுவாள்.

சாயங்காலமானால் தெருவே மாடிக்குப் போய் அவரிடம் கதை கேட்கும். அவர் சொன்னது சொன்னபடி ஆகிவிடும். எங்கள் ஊரில் கடல் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடல் என்று ஒருநாள் கதையில் சொன்னார். மறுநாள் போய்ப் பார்த்தேன். இருந்தது. "எப்பவும் இங்கதானே இருக்கு" என்றார் டீக்கடைக்காரர். கரையில் கொஞ்சம் மீன் வாங்கிவந்தேன். மீன் நன்றாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல். கதை கேட்கப் போகவில்லை. பிலோமி மட்டும் போய்விட்டு வந்தாள்.

"இன்னிக்கு என்ன கதை?" என்றேன்.

"பிள்ளை இல்லாத ஒரு வீட்டைப் பத்தி. வாசப்படி உடைஞ்சிருக்குமாம். நம்ம வீடு மாதிரியே."

அப்போது எங்கள் மகள் ஜெசிந்தா ஞானோபதேச வகுப்பு முடிந்து உள்ளே வந்தாள். பிலோமி அவளை அன்பாகப் பார்த்தாள்.

"யாரு பாப்பா நீ? எந்தத் தெரு?"

ஜெசிந்தா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அம்மா" என்றாள்.

"அம்மாவத் தேடுறியா? உங்கம்மா பேரு என்ன?"

ஜெசிந்தா கதவில் சாய்ந்தாள். அவள் சட்டை வழியாகக் கதவின் தாழ்ப்பாள் தெரிந்தது.

மாடிக்கு ஓடினேன். படிகள் கூடியிருந்தன. ஏற ஏற வந்துகொண்டே இருந்தன. நடுவழியில் களைத்தவர்களுக்காக ஒரு பெஞ்சு போட்டிருந்தது. நான் உட்காரவில்லை.

சம்மனசு சிறகைச் சீவிக்கொண்டிருந்தார்.

"மிக்கேலா? உன் பேரு எனக்குப் பிடிக்கல. அந்தப் பேர்க்காரன்தான் என்னைத் தள்ளிவிட்டான்."

"என் மக அழிஞ்சுக்கிட்டிருக்கா. கதையை மாத்திச் சொல்லுங்க."

"முடியாது. உன் மக உண்மை. எனக்கு உண்மை சொல்ல வராது."

"அப்ப நான் என்ன செய்ய?"

"அவ பொய்யின்னு ஒத்துக்க. பொய்னா சொல்லிடுவேன்."

கீழேயிருந்து ஜெசிந்தா என்னைக் கூப்பிட்டாள். "அப்" என்பது மட்டும் கேட்டது.

"எனக்கு மக இல்ல" என்றேன்.

"நம்புற மாதிரி சொல்லு."

மறுபடி சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மிக்கேல்னு ஒருத்தன் இருந்தான். அவனுக்கு ஒரு மக. பேரு ஜெசிந்தா. ரெட்டைச் சடை. கூப்பிட்டா வருவா." அத்தோடு எழுந்து சீப்பைக் கழுவப் போனார்.

"இவ்வளவுதானா?"

"மிச்சத்த நீ சொல்லிக்க."

இறங்கும்போது எப்போதும் இருக்கிற படிகள்தான் இருந்தன. கூடத்தில் பிலோமி ஜெசிந்தாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். "எங்க போனீங்க? பிள்ளை சாப்பிடாம உக்காந்திருக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்தது. ஜெசிந்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சட்டை வழியாக எதுவும் தெரியவில்லை. வலது கன்னத்து மச்சம் மட்டும் இடது கன்னத்துக்கு மாறியிருந்தது.

பிலோமி சோறு போட்டாள். ஜெசிந்தா சோற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, எனக்குப் பசிக்குதா?"

"பசிக்குது" என்றேன்.

சாப்பிட்டாள். சோறு தீர்ந்தது. விரல்கள் வெறும் தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வந்தன.

"போதும்மா" என்றேன்.

கை நின்றது. "எல்லாத்துக்கும் அப்பாதான் வேணும் இவளுக்கு" என்று சொல்லிவிட்டு பிலோமி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜெசிந்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன். அவள் நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"மூச்சு விடு" என்றேன்.

விட்டாள். அப்புறம் காத்திருந்தாள்.

"மூச்சு விடு" என்றேன்.